பட்டவர் தரும் துணை

மனதுக்கும் நோய் வரும்

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்" என்பது பழமொழி. நோய்ப்பட்டவருக்குத்தான் நோயின் வலி தெரியும். அந்த வலி தெரிந்தவர் இன்னொரு நோயாளிக்குத் துணையாக வந்தால் என்ன ஆகும்? இந்தப் பாடம் அதைப் பற்றியது.

உடம்புக்கு நோய் வருகிறது. அது போல மனதுக்கும் நோய் வருகிறது. சிலருக்கு எதிலும் ஆசை இல்லாமல் போகும். தூக்கம் வராது. சோறு இறங்காது. "இருந்து என்ன பயன்?" என்று தோன்றும். இது மனச்சோர்வு நோய். சிலருக்குக் காரணம் இல்லாமல் நெஞ்சு படபடக்கும். கை நடுங்கும். இது மனப்பதற்றம். சிலருக்கு யாரும் பேசாத போதே காதில் குரல் கேட்கும். எல்லாரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாகத் தோன்றும். இது மனச்சிதைவு நோய். குடியை விட நினைத்தும் விட முடியாமல் தவிப்பதும் ஒரு நோய்தான். அதற்குக் குடிநோய் என்று பெயர்.

இவை பேய் பிடித்து வருவதில்லை. முன்வினையால் வருவதில்லை. வளர்ப்புச் சரியில்லை என்று தாயைக் குறை சொல்வதும் தவறு. மூளையில் ஏற்படும் மாற்றம், பரம்பரை, வறுமை, இழப்பு, ஓயாத கவலை எனப் பல காரணங்கள் சேர்ந்து இந்த நோய்கள் வருகின்றன.

இந்த நோய்கள் அரிதானவையும் அல்ல. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டில் நாட்டின் 12 மாநிலங்களில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அதில் கேரளமும் தமிழ்நாடும் உண்டு. 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100 பேருக்குச் சுமார் 10 பேர் ஏதோ ஒரு மனநோயோடு இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை.

எல்லைப்புற ஊர்கள்

கேரளத்தின் கிழக்கு எல்லையில் இடுக்கி மாவட்டமும் பாலக்காடு மாவட்டமும் இருக்கின்றன. இங்கே தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். இடுக்கியில் மூணாறு, தேவிகுளம், மறையூர், உடும்பன்சோலை, பீர்மேடு, வண்டிப்பெரியாறு ஆகிய இடங்களில் இருக்கிறார்கள். பாலக்காட்டில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், வாளையாறு, நெல்லியாம்பதி ஆகிய இடங்களில் இருக்கிறார்கள். அட்டப்பாடியில் இருளர் முதலிய ஆதிவாசி மக்கள் வாழ்கிறார்கள்.

சிலர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார்கள். சிலர் ஏலக்காட்டில் வேலை செய்கிறார்கள். தேனி மாவட்டத்திலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி வேலைக்கு வந்து போகிறவர்களும் உண்டு. சித்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பிலும் வயலிலும் வேலை செய்கிறார்கள்.

இந்த ஊர்களில் மனதை அழுத்தும் கவலைகள் பல. தோட்டத்தில் வேலை செய்யும் வரைதான் லயத்தில் வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். "அப்புறம் எங்கே போவது?" என்ற கவலை பலரைத் தின்கிறது. காட்டு யானை பயம் உண்டு. மழைக்காலத்தில் மண்சரிவு பயம் உண்டு. வீட்டுக்கு வர வேண்டிய கூலி சாராயக் கடைக்குப் போகும் துயரமும் உண்டு.

சிகிச்சைக்குப் போவதும் எளிதல்ல. கேரளத்தில் அரசு மனநல மருத்துவமனைகள் மூன்று. அவை திருவனந்தபுரம், திருச்சூர், கோழிக்கோடு ஆகிய நகரங்களில் உள்ளன. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் அப்படி ஒரு மருத்துவமனை இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மருத்துவர்கள் குறிப்பிட்ட நாட்களில் சில அரசு மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். ஆனால் தோட்டத்திலிருந்து அங்கே போய் வர ஒரு நாள் கூலி போய்விடும்.

மொழியும் ஒரு தடை. காலில் அடிபட்டால் விரலால் காட்டிச் சொல்லிவிடலாம். மனதில் அடிபட்டால் பேச்சால்தான் சொல்ல வேண்டும். "நெஞ்சுக்குள்ள என்னமோ அடைக்குது" என்று தமிழில் சொல்கிறவரின் வேதனையை, மலையாளம் மட்டும் தெரிந்தவரிடம் எப்படி விளக்குவது? பாதி சொல்லி, பாதி விழுங்கிவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் உண்டு.

பட்டவர் செய்யும் உதவி

நோய் வந்து சிகிச்சை எடுத்துத் தேறியவர், அதே நோய் வந்த இன்னொருவருக்குத் துணையாக இருப்பதற்குச் சகதுணை என்று பெயர். நோயாளியைப் பல ஆண்டு பராமரித்த தாயோ மனைவியோ, அதே நிலையில் உள்ள இன்னொரு வீட்டாருக்கு உதவுவதும் சகதுணைதான்.

மருத்துவர் நோயைக் கண்டுபிடிக்கிறார். மருந்து கொடுக்கிறார். அது அவர் வேலை. பட்டவர் வேறு சில உதவிகள் செய்ய முடியும்.

முதலாவது, நம்பிக்கை. "எனக்கும் இப்படித்தான் இருந்தது. இப்போது வேலைக்குப் போகிறேன்" என்று ஒருவர் எதிரே உட்கார்ந்து சொன்னால், கேட்பவருக்குத் தெம்பு வருகிறது.

இரண்டாவது, அனுபவ அறிவு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரை உடனே வேலை செய்யாது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பலர் ஒரு வாரம் சாப்பிட்டுவிட்டு, "இது கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். மனச்சிதைவு மருந்து சிலருக்குக் கை நடுக்கமும் அதிகத் தூக்கமும் தரும். இதை முன்பே அனுபவித்தவர், "பயப்பட வேண்டாம், டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றுவார்" என்று சொல்வார். அந்த ஒரு வார்த்தையால் சிகிச்சை நிற்காமல் தொடரும்.

மூன்றாவது, கூட வருவது. மருத்துவமனையில் எந்த வரிசையில் நிற்பது, எங்கே சீட்டு வாங்குவது, என்ன சொல்வது என்பது அவருக்குத் தெரியும். மலையாளம் தெரிந்தவராக இருந்தால் நோயாளி தமிழில் சொல்வதை மருத்துவருக்கு எடுத்துச் சொல்வார்.

ஒரு லயத்தில் இரண்டு பெண்கள் இப்படிப் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம்.

"என்ன தங்கச்சி, நாலு நாளா வேலைக்கு வரல?"

"உடம்பு முடியல அக்கா."

"காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்ல. எதுவும் பிடிக்கல. பிள்ளை அழுதாக்கூட எந்திரிக்கத் தோணல."

"ராத்திரி தூக்கம் வருதா?"

"எங்க வருது? விடிய விடிய முழிச்சுத்தான் கெடக்கேன். மாமியா சோம்பேறின்னு திட்டுறாங்க."

"எனக்கும் ரெண்டாவது பிள்ளை பொறந்தப்போ இப்படித்தான் இருந்துச்சு. நானும் சோம்பல்னுதான் நெனச்சேன். அது ஒரு நோயாம். ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டேன். இப்ப என்னைப் பாரு."

"நெசமாவா அக்கா? நீங்களா?"

"நானேதான். வியாழக்கிழமை டாக்டர் வர்றாரு. நான் கூட வர்றேன். ஆஷா அக்காகிட்டயும் சொல்லி வைப்போம்."

இந்தப் பேச்சில் அக்கா அறிவுரை சொல்லவில்லை. திட்டவில்லை. கேட்டார், தன் கதையைச் சொன்னார், கூட வருவதாகச் சொன்னார். சகதுணை என்றால் இதுதான்.

பூட்டிய அறையிலிருந்து ஊருக்கு

மனநோய் வந்தவரை ஊருக்கு வெளியே கொண்டுபோய் அடைத்து வைப்பதுதான் முன்பு வழக்கமாக இருந்தது. அதை மாற்ற இந்தியாவிலேயே பல முயற்சிகள் நடந்தன.

1950களில் பஞ்சாபில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யாசாகர் என்ற மருத்துவர் இருந்தார். இடநெருக்கடி மிகுந்த மருத்துவமனை அது. அவர் நோயாளிகளின் குடும்பத்தாரை வரவழைத்தார். மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து அவர்களையும் தங்க வைத்தார். நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று குடும்பங்கள் ஒன்றிடம் ஒன்று கற்றுக்கொண்டன. வீட்டார் பக்கத்தில் இருந்ததால் நோயாளிகள் சீக்கிரம் தேறி வீடு திரும்பினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் குடும்பத்தார் உடன் தங்கும் முறையைக் கடைப்பிடித்தது.

1982ஆம் ஆண்டு மத்திய அரசு தேசிய மனநலத் திட்டத்தைத் தொடங்கியது. 1985ஆம் ஆண்டு கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில், கிராம சுகாதாரப் பணியாளர்களுக்கு மனநோயை அடையாளம் காணப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அது பலன் தந்தது. 1996ஆம் ஆண்டு முதல் மாவட்ட மனநலத் திட்டம் பல மாவட்டங்களுக்குப் பரவியது. இன்று கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் இந்தத் திட்டம் உண்டு.

காஞ்சிபுரம், கோவா, சதாரா ஆகிய மூன்று இடங்களில் ஓர் ஆய்வு நடந்தது. மனச்சிதைவு நோய் உள்ள 282 பேர் இதில் பங்கு கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் கிடைத்தது. இன்னொரு பிரிவினருக்குச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களும் வீடு தேடி வந்தார்கள். ஆய்வின் முடிவு 2014ஆம் ஆண்டு வெளியானது. வீடு தேடி ஆள் வந்தவர்களுக்கு முன்னேற்றம் ஓரளவு கூடுதலாக இருந்தது.

கோழிக்கோடு காட்டிய வழி

1993ஆம் ஆண்டு கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சில மருத்துவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். புற்றுநோய் போன்ற தீராத நோயால் வலிப்படுகிறவர்களின் வேதனையைக் குறைப்பது சங்கத்தின் நோக்கம். இதைக் கேரளத்தில் பாலியேட்டிவ் கேர் என்கிறார்கள்.

மருத்துவர்கள் மட்டும் எல்லா வீட்டுக்கும் போக முடியவில்லை. ஆகவே ஊர் மக்களே முன்வந்தார்கள். ஆசிரியர், கடைக்காரர், மாணவர், கூலித் தொழிலாளி எனப் பலரும் தொண்டர் ஆனார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினார்கள். பயிற்சி பெற்றார்கள். நோயாளியின் வீட்டுக்குப் போனார்கள். தங்கள் ஊரிலேயே பணம் திரட்டினார்கள். 2008ஆம் ஆண்டு கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. இப்போது உள்ளாட்சி அமைப்புகளும் இந்தப் பணியில் பங்கு வகிக்கின்றன.

மனநோயாளிகளுக்கும் இந்த வழி உதவும் என்று மனோஜ்குமார் என்ற மனநல மருத்துவர் நினைத்தார். இங்கிலாந்தில் பணிபுரிந்து திரும்பியவர் அவர். 2008ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் மெண்டல் ஹெல்த் ஆக்‌ஷன் டிரஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஏழைகளுக்கு இங்கே சிகிச்சை இலவசம். ஊர்த் தொண்டர்கள்தான் சிகிச்சை நடக்கும் இடத்தை ஏற்பாடு செய்கிறார்கள். வராதவரை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். இந்த முறை கேரளத்தின் பல மாவட்டங்களுக்குப் பரவியது.

குடிநோயும் கூட்டமும்

உலகில் சகதுணைக்குப் பெரிய எடுத்துக்காட்டு குடிநோயாளிகளின் கூட்டமைப்புதான்.

1935ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆக்ரான் என்ற நகரில் இரண்டு பேர் சந்தித்தார்கள். ஒருவர் பில் வில்சன். பங்குச் சந்தையில் வேலை செய்தவர். மற்றவர் பாப் ஸ்மித். மருத்துவர். இரண்டு பேரும் குடியால் வாழ்க்கையைத் தொலைத்தவர்கள். பில் சில மாதங்களாகக் குடிக்காமல் இருந்தார். இன்னொரு குடிநோயாளியிடம் மனம் விட்டுப் பேசினால் தனக்குக் குடிக்கும் ஆசை அடங்குவதை அவர் கண்டுகொண்டார். பாப்பும் அவரோடு பேசிப் பேசியே குடியை விட்டார். அங்கிருந்து பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். இந்தியாவுக்கு இது 1957ஆம் ஆண்டு வந்தது.

ஏ.ஏ. கூட்டத்தில் கட்டணம் இல்லை. குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். யார் வந்தார், என்ன பேசினார் என்பது வெளியே போகாது. "வாழ்நாள் முழுவதும் குடிக்க மாட்டேன்" என்று யாரும் சத்தியம் செய்ய வேண்டாம். "இன்று ஒரு நாள் குடிக்க மாட்டேன்" என்றால் போதும். நாளைக்கு அது மறுபடியும் "இன்று" ஆகிவிடும்.

தமிழ்நாட்டில் சாந்தி ரங்கநாதன் என்ற பெண்மணி தன் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்தோடு அவர் முடங்கிவிடவில்லை. 1980ஆம் ஆண்டு சென்னையில் குடிநோயாளிகளுக்கு ஒரு சிகிச்சை மையம் தொடங்கினார். சென்னைக்கு வர முடியாத கிராமத்தார் என்ன செய்வார்கள் என்ற கேள்வி எழுந்தது. 1989ஆம் ஆண்டு மஞ்சக்குடி என்ற கிராமத்தில் முகாம் நடத்தினார்கள். அந்த ஊர் இப்போது திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது. மருத்துவக் குழு ஊருக்கே வந்தது. ஊரார் இடம் கொடுத்தார்கள். மனைவிமாருக்கும் தனியாக ஆலோசனை கிடைத்தது. முகாம் முடிந்த பிறகு ஊர்க்காரர்களே துணை நின்று கவனித்தார்கள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து சிகிச்சை பெற்றதால் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்தார்கள்.

பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில் ஆதிவாசிப் பெண்கள் தாய்க்குல சங்கம் என்ற பெயரில் ஒன்று சேர்ந்தார்கள். அட்டப்பாடியில் மதுவிலக்கு இருந்தும் கள்ளச்சாராயம் குடும்பங்களை அழித்துக்கொண்டிருந்தது. ஒரே துயரத்தைப் பட்ட பெண்கள் சேர்ந்து நின்று அதை எதிர்த்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. பல ஆண்டு அளவுக்கு மீறிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து வரலாம். உடல் நடுங்கும். வலிப்பு வரலாம். இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியலாம். அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். முதலில் மருத்துவம். பிறகு கூட்டம்.

பெட்டிமுடியின் துயரம்

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் மலை சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் மண்ணில் புதைந்தன. 70 பேர் இறந்தார்கள். எல்லாரும் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் வெளியே செய்தி போய்ச் சேரவே மறுநாள் ஆகிவிட்டது. நான்கு பேரின் உடல் கிடைக்கவே இல்லை.

தப்பியவர்களில் சிலர் குடும்பத்தில் பலரையும் ஒரே இரவில் இழந்தார்கள். இப்படிப்பட்ட துயரத்தில் தூக்கம் கெடுவது இயல்பு. மழைச் சத்தம் கேட்டால் உடல் நடுங்குவது இயல்பு. "நான் மட்டும் ஏன் பிழைத்தேன்?" என்று நினைப்பதும் இயல்பு. இது பைத்தியம் அல்ல.

இந்த நிலையில் உள்ளவரிடம் "அழாதே, எல்லாம் விதி" என்று சொல்வதால் பயன் இல்லை. இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேச விட வேண்டும். அதே மழையில், அதே மண்ணில் உறவை இழந்த இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்தால், விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது. மாதக்கணக்கில் தூக்கம் இல்லாமலும், சாப்பிட முடியாமலும், வேலை செய்ய முடியாமலும் இருந்தால் மருத்துவ உதவி வேண்டும்.

சங்கிலிக்கு எதிரான சட்டம்

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. நோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நாடே அதிர்ந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே இந்த வழக்கை எடுத்துக்கொண்டது.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. 2018ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதில் உள்ள முக்கியமான செய்திகள் இவை:

மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது.

அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை பெற எல்லாருக்கும் உரிமை உண்டு.

தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தனக்காகப் பேச ஒருவரை நியமிக்கலாம்.

தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும். அவரைத் தண்டிக்காமல் சிகிச்சை அளிக்க வேண்டும்.

நோயாளிகளின் குறைகளை விசாரிக்கும் வாரியத்தில் நோய்ப்பட்டவர்களும் பராமரிப்பவர்களும் உறுப்பினர் ஆகலாம். பட்டவரின் பேச்சுக்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது.

துணை வட்டம் அமைப்பது எப்படி?

சேர்ந்து நிற்பது இந்த மலைக்குப் புதிதல்ல. 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாறின் பெண் தொழிலாளர்கள் 20 சதவீத போனஸ் கேட்டுத் தாங்களாகவே ஒன்பது நாள் போராடினார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் பெற்றார்கள். கூலிக்காகச் சேர்ந்த கைகள் மனநலத்துக்காகவும் சேரலாம். ஊரில் ஏற்கெனவே குடும்பஸ்ரீ அயல்கூட்டம் இருக்கிறது. சாட்சரதா வகுப்பு இருக்கிறது. அங்கன்வாடி இருக்கிறது. அங்கேயே தொடங்கலாம்.

1. எட்டுப் பேர் முதல் பத்துப் பேர் வரை போதும். பட்டவர்களும் பராமரிப்பவர்களும் இருக்கலாம்.

2. வாரம் ஒரு நாள், ஒரே இடம், ஒரே நேரம். ஒரு மணி நேரம் போதும்.

3. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக்கூடாது. பேச விருப்பம் இல்லாதவர் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

4. வட்டத்தில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. லயத்தில் சுவருக்கும் காது உண்டு. ஒரு முறை ரகசியம் வெளியே போனால் வட்டம் உடைந்துவிடும்.

5. "பைத்தியம்", "கிறுக்கு" என்ற சொற்கள் வேண்டாம்.

6. மருந்தை நிறுத்தவோ, மாற்றவோ, தன் மாத்திரையைப் பிறருக்குக் கொடுக்கவோ கூடாது. அது மருத்துவர் வேலை.

7. வட்டத்துக்கு வராதவரை மறுநாளே யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

8. ஆஷா பணியாளரோடும் ஆரம்ப சுகாதார நிலையத்தோடும் எப்போதும் தொடர்பு வேண்டும்.

உயிருக்கு ஆபத்து வந்தால்

"நான் செத்துப்போகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அதை விளையாட்டாக எடுக்கக்கூடாது. "சொல்கிறவன் செய்ய மாட்டான்" என்பது தவறான நம்பிக்கை. "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மாறாக, மனப்பாரம் குறையும்.

அவரைத் தனியே விடக்கூடாது. இந்த இடத்தில் ரகசிய விதி செல்லாது. வீட்டாரிடமும் சுகாதாரப் பணியாளரிடமும் உடனே சொல்ல வேண்டும்.

ஏலக்காட்டு ஊர்களில் பூச்சிமருந்து எளிதில் கிடைக்கிறது. அதை வீட்டில் வைக்காமல், பூட்டு உள்ள தனி இடத்தில் வைக்க வேண்டும். சென்னையில் 1986ஆம் ஆண்டு தொடங்கிய சினேகா அமைப்பு, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில் இதைச் செய்து பார்த்தது. ஊர்ப் பொதுவில் பூட்டுள்ள பெட்டிகள் அமைத்து, விவசாயிகள் மருந்தை அங்கே வைத்தார்கள். அந்தக் கிராமங்களில் தற்கொலை குறைந்தது. கோபமும் வேதனையும் பொங்கும் நேரத்தில் கைக்கு விஷம் எட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்பும்.

தொலைபேசியிலும் உதவி உண்டு. டெலி மானஸ் எண் 14416. இது 2022ஆம் ஆண்டு தொடங்கியது. இலவசம். 24 மணி நேரமும் கிடைக்கும். தமிழிலும் பேசலாம். கேரள அரசின் திசா உதவி எண் 1056.

துணைக்கும் துணை வேண்டும்

பிறர் துயரத்தைக் கேட்டுக் கேட்டு, துணை செய்பவருக்கும் களைப்பு வரும். பழைய வேதனை கிளறும். அப்போது அவர் ஒதுங்கி ஓய்வு எடுக்க வேண்டும். தன் மருந்தைத் தவறாமல் சாப்பிட வேண்டும். தன் பாரத்தை இறக்கி வைக்க அவருக்கும் ஓர் ஆள் வேண்டும். ஆகவே வீடு தேடிப் போகும்போது இரண்டு பேராகப் போவது நல்லது.

அரசும் தன் கடமையைச் செய்ய வேண்டும். மருத்துவரும் மருந்தும் இல்லாத இடத்தில் சகதுணை மட்டும் எல்லாவற்றையும் தாங்க முடியாது. தமிழ் தெரிந்த ஆலோசகர் வேண்டும் என்றும், மாதத்தில் இத்தனை நாள் மருத்துவர் வர வேண்டும் என்றும் கிராம சபையில் கேட்கலாம். மனு எழுதிக் கொடுக்கலாம். எழுதப் படிக்கக் கற்றவர்கள் அதை எழுதலாம்.

1991ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று கோழிக்கோட்டில் அறிவித்தவர் சேலக்காடன் ஆயிஷா. அவர் அமைச்சர் அல்ல. முதிய வயதில் எழுத்துக் கற்றுக்கொண்ட ஒரு பெண். எழுத்து தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுத்ததால்தான் அந்த நாள் வந்தது. நோயிலிருந்து தேறியவர் நோயில் இருப்பவருக்குக் கை கொடுத்தால், மனநலத்திலும் அப்படி ஒரு நாள் வரும்.

சொற்பொருள்

சகதுணை - ஒரே துன்பத்தைப் பட்டவர்கள் ஒருவருக்கு ஒருவர் துணை நிற்பது
மனச்சோர்வு - எதிலும் ஆர்வம் இல்லாமல் வாட்டும் நோய்
மனச்சிதைவு - இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் முதலியவை வரும் நோய்
பராமரிப்பவர் - நோயாளியை உடனிருந்து கவனிப்பவர்

கேள்விகள்

1. மனநோய் வருவதற்கு என்னென்ன காரணங்கள்?
2. மனச்சோர்வு மாத்திரை பலன் தர எவ்வளவு காலம் ஆகும்?
3. அமிர்தசரஸ் மருத்துவர் குடும்பத்தாரை ஏன் வரவழைத்தார்? அதனால் என்ன பலன்?
4. திடீரென்று குடியை நிறுத்தினால் என்ன ஆபத்து வரலாம்?
5. எந்த நேரத்தில் ரகசிய விதி செல்லாது?

கலந்து பேசுங்கள்

உங்கள் ஊரில் மனநல மருத்துவர் எந்த நாளில், எந்த மருத்துவமனைக்கு வருகிறார்? விசாரித்து எழுதி, வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள்.

பூச்சிமருந்தைப் பூட்டி வைக்க உங்கள் ஊரில் எந்த இடம் ஏற்றது?

துணை வட்டம் தொடங்க உங்கள் ஊரில் எந்த நாள், எந்த நேரம் எல்லாருக்கும் வசதி?

செய்து பாருங்கள்

தமிழ் தெரிந்த மனநல ஆலோசகர் வேண்டும் என்று கேட்டு, பஞ்சாயத்துத் தலைவருக்கு ஐந்து வரியில் ஒரு மனு எழுதுங்கள்.